அழுது முடிக்கும் வரை கூட இருங்கள்

சின்னக் குழந்தை அழுதால் அதை உடனே நிறுத்தியாக வேண்டும் என்ற பதற்றம் பெற்றோர் எல்லோருக்கும் வருகிறது. எனக்கு இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கு. இவர்களோடு இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகிப்போன விஷயம் ஒன்றுதான். அழுகையை நிறுத்துவது நம் வேலை இல்லை. அழுகிற பிள்ளை அமைதிக்குத் திரும்பும் வரை பதறாமல் பக்கத்தில் இருப்பதுதான் வேலை. அதை எங்கள் வீட்டில் தினமும் எப்படிச் செய்கிறோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை எழுதுகிறேன். இதே வயதுப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

சின்னவனுக்கு லிஃப்ட் பட்டனை அவன்தான் அழுத்த வேண்டும். ஒரு மாலை எங்களுக்கு முன்னால் நின்றவர், அவனைக் கவனிக்காமல் பட்டனை அழுத்திவிட்டார். உடனே தரையில் விழுந்து காலை உதைத்தான். "திருப்பி அழுத்து, திருப்பி அழுத்து" என்று கத்தினான். பெரியவர்கள் கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லாத விஷயம். ஆனால் வாசலில் இருந்து லிஃப்ட் வரை அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பட்டன்தான். எப்போது எழுவது, எதைப் போட்டுக்கொள்வது, எங்கே போவது என்று அவன் நாளை முழுக்க நாம்தான் தீர்மானிக்கிறோம். அவனாகச் செய்கிற காரியங்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று கைவிட்டுப் போனது.

லிஃப்டில் இருந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்தேன். "நீ அழுத்தணும்னு நெனச்சே. அவர் அழுத்திட்டார்" என்று ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு பேசவில்லை. தலை தரையில் மோதாமல் கையை மட்டும் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கத்தல் அழுகையானது, அழுகை தேம்பலானது. தேம்பிக்கொண்டே மடிக்கு வந்தான். மூச்சு சீரான பிறகு, "அடுத்த தடவை முன்னாடி யாராவது நின்னா என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன். "நான் அழுத்தட்டுமான்னு கேக்கலாம்" என்றான். அதே கேள்வியைக் கத்திக்கொண்டிருக்கும்போது கேட்டிருந்தால் இன்னொரு உதைதான் கிடைத்திருக்கும்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. மைக்கேல் பொட்டெகல், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இருவர், ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் அடத்தைப் பெற்றோர்கள் விவரித்தபடி சேகரித்து ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். அடம் என்பது கோபமும் வருத்தமும் சேர்ந்தது. கோபம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது. வருத்தம் கடைசி வரை இருக்கிறது, முடிவில் குழந்தை ஆறுதலைத் தேடி வருகிறது. அவர்கள் பார்த்த அடங்களில் முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தவை. கூட்டத்துக்கு நடுவே நிற்கும் நமக்கு அந்த ஐந்து நிமிடம் மிக நீளமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு எனக்குள் ஒரு நிதானம் வந்தது. உச்சத்தில் எது சொன்னாலும் ஏறாது. இறங்கும்போது மடி தேவைப்படும். அதற்கு நான் அங்கே இருக்க வேண்டும், கோபத்தோடு வேறு அறைக்குப் போயிருக்கக் கூடாது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் யோசித்து, பொறுத்து, நிறுத்திக்கொள்ள உதவுகிறது. அது முழுமையாக முதிர இருபது வயது தாண்டிச் சில வருடங்கள் ஆகிவிடுகின்றன. மூன்று வயதில் அது வேலையைத் தொடங்கியே கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். "எத்தனை தடவை சொல்றது, உனக்குப் புரியலையா?" என்று கேட்கிறோம். புரிந்திருக்கும். புரிந்ததை அந்த நொடியில் செய்து காட்டும் திறன்தான் இன்னும் வந்திருக்காது. அதுவரை நம் நிதானத்தைத்தான் குழந்தை கடனாக எடுத்துக்கொள்கிறது. நம் குரல் தாழ்ந்தால் அதன் குரலும் கொஞ்சம் தாழும், நம் தோள் இறுகினால் அதன் உடம்பும் இறுகும்.

ஆனால் அடம் வந்த பிறகு சமாளிப்பதைவிட, வருகிற நேரத்தைத் தெரிந்துகொள்வது பெரிய உதவி. ஃப்ளோரன்ஸ் குட்இனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர், குழந்தைகளின் கோபத்தைப் பற்றித் தாய்மார்களையே தினமும் குறிப்பெழுத வைத்து 1931-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்திலும், உடம்பு சரியில்லாதபோதும், களைப்பிலும் கோபம் அதிகமாக வந்தது அதில் தெரிந்தது. இது எந்தப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம்தான் என்றாலும், எழுதிப் பார்க்கும்போது நம் வீட்டின் கணக்கு தனியாகத் தெரியும். நானும் மனைவியும் ஒரு சின்ன நோட்டில் நேரம், என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன என்று மூன்றே விஷயங்களைக் குறித்தோம். சின்னவனுக்குப் பிரச்சினை பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தில் வந்தது. பெரியவளுக்குப் பள்ளியிலிருந்து வந்த உடனே. சாப்பாட்டை முன்னால் நகர்த்தினோம். பெரியவளிடம் வந்ததும் "இன்னைக்கு என்ன நடந்தது" என்று கேட்பதை விட்டுவிட்டோம். பாதிச் சண்டைகள் இதிலேயே காணாமல் போயின.

பள்ளி விட்டு வரும் குழந்தையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "ஸ்கூல்ல ரொம்ப சமத்து, வீட்டுக்கு வந்தாத்தான் இப்படி" என்று பல பெற்றோர் வருத்தத்தோடு சொல்வார்கள். அங்கே பல மணி நேரம் வரிசையில் நின்று, பேச்சை அடக்கி, பக்கத்துப் பிள்ளை பிடுங்கினாலும் பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டு வருகிறது குழந்தை. பாதுகாப்பான இடம் வந்ததும் அடக்கியதெல்லாம் வெளியே வருகிறது. பெரியவள் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அழுதது ஷூவுக்காக இல்லை. கொஞ்ச நேரம் யாரும் கேள்வி கேட்காமல், சாப்பிட ஏதாவது கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பள்ளிக்கூடத்துக் கதை அப்புறம் குளிக்கும்போது தானாக வரும்.

என் அம்மாவுக்கு இது முதலில் ஒத்துவரவில்லை. "ஏண்டா, பச்சைப் பிள்ளையை அழவிட்டுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே?" என்று கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்கு "அதோ பார் காக்கா" என்று கவனத்தைத் திருப்புவது நல்ல வழி. அந்த வயதில் அதுதான் உதவும். அழவிட்டு விலகிப்போவதும், அழும்போது கூட இருப்பதும் வேறு வேறு என்பதை நான் வாயால் விளக்கவில்லை. சின்னவன் அழுது முடித்து மடியில் வந்து விழுவதை அவரே சில தடவை பார்த்தார். இப்போது அவர் அவன் முதுகை மட்டும் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். என்னைவிட நன்றாகச் செய்கிறார். காக்காவும் ஒழிந்துவிடவில்லை, சின்னச் சின்ன ஏமாற்றத்துக்கு இன்னும் வருகிறது. வீட்டுப் பெரியவர்களோடு இதில் வாதாட வேண்டாம் என்பது என் கருத்து. பார்க்கட்டும்.

அழுகையை நிறுத்தக் கையில் போனைக் கொடுப்பதைப் பற்றி மட்டும் எனக்குக் கறாரான கருத்து உண்டு. சத்தம் உடனே நின்றுவிடும். ஆனால் கோபம் வந்தால் அது தணியும், வருத்தம் வந்தால் அது கடந்து போகும் என்று குழந்தை தானே கண்டுகொள்ளும் வாய்ப்பு அங்கே போய்விடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ராடெஸ்கி குழுவினர் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், சமாதானப்படுத்த அடிக்கடி திரையைக் கொடுப்பதற்கும் உணர்ச்சிகள் சட்டென்று கொந்தளிப்பதற்கும் தொடர்பு தெரிந்தது. ஆண் பிள்ளைகளிடம் அது கூடுதல். நீண்ட பயணத்தில் பொழுதுபோக்காக ஒரு படம் பார்ப்பதை நான் சொல்லவில்லை. அழுகைக்கு மருந்தாக அதைக் கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. பெரியவளுக்கு மூன்று வயது இருக்கும்போது எல்லாமே "பிடிக்கல" தான். கூச்சமும் பிடிக்கல, பயமும் பிடிக்கல, தூக்கமும் பிடிக்கல. கதை சொல்லும்போதும், அவள் சந்தோஷமாக இருக்கும்போதும் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புழக்கத்தில் விட்டோம். "அந்த முயலுக்கு ஏமாற்றமா இருக்குமோ?", "நாளைக்குச் சித்தி வர்றாங்கன்னு உனக்கு ஒரே பரபரப்பு, இல்ல?", "புது ஆளுங்க முன்னாடி கூச்சமா இருக்கா?" எப்போதும் கேள்வியாகத்தான், தீர்ப்பாக இல்லை. தப்பாக ஊகித்தால் அவளே திருத்துவாள். "கோபம் இல்லப்பா, பொறாமை" என்று ஒருநாள் சொன்னாள், தம்பியைத் தூக்கி வைத்திருந்த என்னைப் பார்த்து. அந்தச் சொல் இருந்ததால் தம்பி அடி வாங்காமல் தப்பினான். நான் இன்னொரு கையால் அவளையும் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட மூளைப் படப் பரிசோதனை ஒன்று உண்டு. கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைப் பார்த்தவர்கள், அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் பயத்தையும் ஆபத்தையும் உணரும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. பங்கெடுத்தவர்கள் பெரியவர்கள் என்பதால் அதை அப்படியே மூன்று வயதுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் பெரியவள் விஷயத்தில் நான் பார்த்தது அதற்கு ஒத்துப்போகிறது.

சின்னவனிடம் இது எடுபடவே இல்லை. கோபத்தில் இருக்கும்போது "கோபமா இருக்கா?" என்று கேட்டால் "இல்ல!" என்று இரண்டு மடங்கு கத்துவான். யாரோ தன்னை உற்றுப் பார்ப்பதே அவனுக்குத் தாங்கவில்லை. அவனுக்கு உடம்புதான் வழி. இறுக்கி அணைத்தால் பிடிக்கும், தலையணையைத் தள்ளினால் பிடிக்கும், பேச்சு பிடிக்காது. என்ன நடந்தது என்பதை இரவு படுத்த பிறகு இருட்டில் முகம் பார்க்காமல் பேசுவான். ஒரே வீடு, ஒரே பெற்றோர், இரண்டு குழந்தைகள் முற்றிலும் வேறு வேறு.

இதைத்தான் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்ட கால ஆய்வில் கவனித்தார்கள். குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து வளர்ந்து ஆளாகும் வரை தொடர்ந்தார்கள். எவ்வளவு சுறுசுறுப்பு, பசியும் தூக்கமும் எவ்வளவு ஒழுங்கு, புதியதைப் பார்த்தால் நெருங்குமா பின்வாங்குமா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகும், உணர்ச்சி எவ்வளவு வேகமாக வெளிப்படும் என்று ஒன்பது இயல்புகளைப் பிரித்தார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது, நல்ல இயல்பு, கெட்ட இயல்பு என்று எதையும் ஒதுக்காமல், குழந்தையின் இயல்பும் சுற்றி இருப்பவர்கள் எதிர்பார்ப்பதும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் பார்க்கச் சொன்னதுதான்.

சின்னவன் புதிய இடத்தில் உடனே கலக்க மாட்டான். பிறந்தநாள் விழாவுக்குப் போனால் என் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "போ, போய் விளையாடு" என்று தள்ளினால் மொத்தமும் கெட்டுவிடும். அதனால் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விடுகிறோம். காலியான அறையில் இரண்டு சுற்று ஓடிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அவனுக்கு விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். பெரியவள் நேர்மாறு. அவளை ஒரு இடத்திலிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். "போகலாம்" என்று திடீரென்று சொன்னால் ரகளை. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்" என்றால் வருவாள். விளையாட்டு மும்முரத்தில் நிமிடக் கணக்கு பிடிபடாது, தடவைக் கணக்கு பிடிபடும்.

எல்லா உணர்ச்சிக்கும் இடம் உண்டு என்றால் எல்லாச் செயலுக்கும் இடம் உண்டு என்று அர்த்தமில்லை. சிலர் இங்கேதான் பயப்படுகிறார்கள், "இப்படி விட்டா தலைக்கு மேல ஏறிடும்" என்று. எங்கள் வீட்டில் அடிக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, பொருளை ஆள் மேல் எறியக் கூடாது. இதில் பேரம் கிடையாது. அடிக்க ஓங்கிய கையைப் பிடித்துக்கொள்வேன். இறுக்கமாக, ஆனால் வலிக்காமல். "கோபப்படலாம். அக்காவை அடிக்க விடமாட்டேன்." இவ்வளவுதான் வாசகம். "அடிக்காதே" என்று எட்டு அடி தள்ளி இருந்து கத்துவதற்கும், எழுந்து வந்து கையைப் பிடிப்பதற்கும் நடுவே பெரிய வித்தியாசம். இரண்டாவதில் குழந்தைக்குத் தான் கட்டுக்குள் இருக்கிறோம், யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதி கிடைக்கிறது. விதிகள் கொஞ்சமாக இருந்தால்தான் இது முடியும். ஒரு நாளைக்கு ஐம்பது "கூடாது" சொல்லும் வீட்டில் எந்தக் "கூடாது"வுக்கும் எடை இருக்காது.

அடி வாங்கியவரை முதலில் கவனிப்பது எங்கள் பழக்கம். அடித்தவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு "அக்காவுக்கு வலிக்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்போம். ஐஸ் எடுத்து வருவான், இல்லையென்றால் தன் பொம்மையைக் கொடுப்பான். "சாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்துவதில்லை. வாயில் வரும் சாரியைவிடக் கையில் வரும் ஐஸ் எனக்கு முக்கியம். இன்னொருவர் மனதில் தன்னுடையதற்கு மாறான நினைப்பு இருக்க முடியும் என்பதே ஏறத்தாழ நான்கு வயதில்தான் குழந்தைகளுக்குத் தெளிவாகப் பிடிபடத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் "அவ எப்படி ஃபீல் பண்ணுவான்னு யோசிச்சியா?" என்ற கேள்வி அதன் சக்திக்கு மீறியது.

காலையில் பிரிவது தனிக் கதை. எட்டு மாதம் வாக்கில் பிரிவுப் பயம் தலைகாட்டும், ஒன்று, ஒன்றரை வயதில் கடுமையாக இருக்கும், பிறகு மெல்லக் குறையும். புதிய பள்ளி, புதிய ஆள் என்று வந்தால் மறுபடி எட்டிப்பார்க்கும். குழந்தை கவனிக்காத நேரம் பார்த்து நழுவிவிடுவது பலரும் செய்வது. அழுகையைப் பார்க்காமல் போய்விடலாம். ஆனால் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்ற அனுபவம் குழந்தையிடம் தங்கிவிடுகிறது. மறுநாள் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் சொல்லிவிட்டுத்தான் போவோம், ஒரே மாதிரி, சுருக்கமாக. ஒரு அணைப்பு, உள்ளங்கையில் ஒரு முத்தம், "தூங்கி எழுந்ததும் அப்பா வருவேன்." அழுதாலும் அதோடு கிளம்பிவிட வேண்டும். மூன்று தடவை திரும்பி வந்து சமாதானம் செய்தால், போகலாமா வேண்டாமா என்று அப்பாவுக்கே தெரியவில்லை என்றுதான் குழந்தைக்குப் படும். சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

பிரியும்போது அழும் குழந்தையைப் பார்த்து "ரொம்ப ஒட்டுது, தைரியம் இல்லை" என்று சொல்பவர்களுக்கு உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் செய்த வேலையைச் சொல்ல ஆசை. பாசப் பிணைப்பைப் பற்றி ஜான் பௌல்பி எழுதியவற்றின் தொடர்ச்சியாக, பால்டிமோரில் ஒரு வயதுக் குழந்தைகளையும் அம்மாக்களையும் வைத்து ஒரு சோதனை செய்தார். அம்மா சில நிமிடம் அறையைவிட்டுப் போய்த் திரும்பி வருவார். பாதுகாப்பாகப் பிணைந்த குழந்தைகளிலும் பலர் அம்மா போனதும் அழுதார்கள். வித்தியாசம் தெரிந்தது அவர் திரும்பி வந்தபோது. அவரிடம் போய், ஆறுதல் பெற்று, மறுபடி விளையாட்டுக்குத் திரும்பினார்கள். அதனால் நான் காலைப் பிரிவைவிட மாலைச் சந்திப்பில் அதிக அக்கறை காட்டுகிறேன். வீட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம் போன் வெளியே வராது. தரையில் உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் வந்து விழுவார்கள், காட்டுவார்கள், சிலநாள் கண்டுகொள்ளாமல் போவார்கள். போகட்டும், நான் அங்கேதான் இருப்பேன்.

எட்வர்ட் டிரோனிக் 1970-களில் செய்த இன்னொரு சோதனையும் மனதைவிட்டுப் போகாதது. சில மாதக் குழந்தையோடு அம்மா கொஞ்சிப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். குழந்தை சிரிக்கும், சத்தம் கொடுக்கும், கையை நீட்டும். எதற்கும் பதில் வராமல் போக, முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சோர்ந்துபோகும், அழும். போனில் மூழ்கிய முகம் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று அதன் பிறகு அடிக்கடி யோசித்திருக்கிறேன். ஆனால் டிரோனிக் சொன்ன மறுபாதி எனக்கு ஆறுதல். நல்ல உறவில் இருக்கும் அம்மாவும் குழந்தையும்கூட எப்போதும் ஒத்திசைந்து இருப்பதில்லை. விலகுவதும் மறுபடி சேர்வதுமாகத்தான் பெரும்பாலான நேரம் போகிறது. சேர்ந்துகொள்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்றுக்கொள்கிறது.

அதனால் வீட்டில் யார் குரல் உயர்ந்தாலும் சரிசெய்வது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. அதைப் பெரியவர்கள்தான் தொடங்க வேண்டும். "அப்பா சத்தமா பேசிட்டேன். நீ பயந்துட்டே. அப்படிப் பேசியிருக்க வேண்டாம்." இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "ஆனா நீயும்தானே..." என்று தொடங்கினால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும். நானும் மனைவியும் சண்டை போட்டதைக் குழந்தைகள் பார்த்திருந்தால், சமாதானம் ஆவதையும் அவர்கள் பார்க்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு சமாதானம் ஆனால் சண்டை மட்டும்தான் அவர்கள் நினைவில் நிற்கும்.

பயத்தைப் பற்றிச் சுருக்கமாக. கற்பனை வளரும் மூன்று, நான்கு வயதில் இருட்டுப் பயம் வருவது இயல்பு. "அங்க ஒண்ணும் இல்ல, போ" என்றால் பயம் போவதில்லை, நம்மிடம் சொல்வதுதான் நின்றுபோகும். சின்னவன் கையில் டார்ச்சைக் கொடுத்து, முதலில் கூடவே போய், பிறகு வாசல் வரை, பிறகு குரல் மட்டும் என்று விலகினோம். அவன் வேகத்தில். "பயமா இருந்துச்சு, ஆனாலும் போனே, நான் பாத்தேன்" என்று சொன்னால் முகம் மலரும். "தைரியசாலி" என்ற பட்டத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது. ஏனென்றால் அடுத்த தடவை பயப்படவும் அவனுக்கு அனுமதி இருக்கிறது. ஆண் பிள்ளை அழக் கூடாது என்று யாராவது சொன்னால் அவன் காதுபடவே நான் மறுத்துச் சொல்வேன். இந்த ஒரு விஷயத்தில் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்ளத் தயாராக இல்லை.

மூச்சு விடும் பயிற்சியெல்லாம் அழும்போது சொல்லித்தர முடியாது. மெழுகுவர்த்தியை அணைப்பது போல விரல் நுனியை மெல்ல ஊதும் விளையாட்டை நல்ல மனநிலையில் பல நாள் விளையாடினோம். அப்புறம் ஒரு கட்டத்தில் பெரியவளே கோபத்தில் விரலை ஊதிக்கொண்டாள்.

தினமும் கொஞ்ச நேரம் குழந்தை சொல்கிறபடி விளையாடுவதற்கு இணையாக நான் எதையும் பார்த்ததில்லை. கற்றுக்கொடுக்க வேண்டாம், திருத்த வேண்டாம். பெரியவள் டீச்சராகவும் நான் குறும்புப் பையனாகவும் இருப்போம். அவள் என்னைத் திட்டும் வார்த்தைகளிலிருந்து அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் செய்ய நமக்குள் கொஞ்சம் தெம்பு வேண்டும். தூக்கமில்லாமல், தனியாக, நாள் முழுக்கக் குழந்தையோடு இருப்பவரிடம் "நிதானமா இருங்க" என்று சொல்வது நியாயமே இல்லை. நாங்கள் முறை போட்டுக்கொள்கிறோம். ஒருவர் கொதிக்கும் நிலைக்கு வந்தால் "நீ பாத்துக்க" என்று சொன்னால் போதும், மற்றவர் காரணம் கேட்காமல் வந்துவிட வேண்டும். யாரும் இல்லாதபோது, குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு, "அப்பா தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நகர்வதில் தவறே இல்லை. பிரசவத்துக்குப் பின் வாரக்கணக்கில் மனச்சோர்வு நீடிக்கும் அம்மாவுக்கு அறிவுரை தேவையில்லை, மருத்துவரும் கைமாற்ற ஆளும் தேவை.

எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். அடத்தில் அடிக்கடி தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவது, அரை மணிக்கு மேல் தணியாத அடம் தொடர்ந்து வருவது, ஐந்து வயது தாண்டியும் குறையாமல் கூடுவது, பேசிக்கொண்டிருந்த சொற்களோ பழகிய திறமைகளோ மறைந்துபோவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் எதையும் விரலால் சுட்டிக் காட்டாதது, தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போவது, இவற்றில் எது இருந்தாலும் குழந்தைநல மருத்துவரிடம் போக வேண்டும். "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருப்பதைவிட, போய்க் கேட்டு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது. போகும்போது என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முன்னால் என்ன என்று எழுதிய குறிப்பையும், முடிந்தால் போனில் எடுத்த ஒரு சின்ன வீடியோவையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் அறையில் குழந்தை பெரும்பாலும் சமத்தாகத்தான் உட்கார்ந்திருக்கும்.